ஐந்தாம் தெரு வைரவன்

ஈரத் துணியைச் சுவரின் உச்சியில் வைத்துக் கீழே வரைக்கும் ஒரே இழுப்பு. துணியைத் திருப்பி மடித்து, பக்கத்தில் அடுத்த இழுப்பு. வழிகிற தண்ணீரை, தரையில் கிடக்கும் பழைய பனியனைக் காலால் தள்ளியே ஒற்றிவிடுவான். குனிய மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைரவனுக்கு முதல் வேலை இது. வாரம் பூராவும் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிறவன் லீவு நாளிலும் துடைக்கிறானே என்று ரூமுக்குப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள்.

"சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. சாயங்காலம் பொண்டாட்டி போன்ல வருவாள்ல, அப்ப இந்தச் செவத்துலதான பல்லி மாதிரி வந்து ஒட்டணும்" என்பான்.

துபாயின் தேராவில் மசாலாக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறது அந்த ரூம். ஆவரையேந்தல் ரூம் எது என்று கேட்டால் கீழே மீராசா டீக்கடையில் கை காட்டுவார்கள். ராமநாதபுரத்துப் பக்கம், கண்மாயும் கருவேலமுமாகக் கிடக்கிற ஆவரையேந்தலிலிருந்து எவன் விமானம் ஏறி வந்தாலும் முதலில் பெட்டியை இறக்குவது இங்கேதான். அடுக்குக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் திரையாகத் தொங்கும் பழைய புடவை, கம்பியெல்லாம் காயும் துணி, கதவுக்கு வெளியே நடையில் என் அடுப்பு. அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவன் நான்.

மூன்று சுவர்களைக் கட்டில்கள் தின்றுவிட்டன. நாலாவது சுவரை மட்டும் காலியாக விட்டு, இளநீலப் பெயிண்ட் அடித்து, வானத்தை முட்டும் கட்டடத்தின் படம் ஒன்றை ஒட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதற்குப் போன் சுவர் என்று பெயர். ஊருக்கு வீடியோவில் பேசுகிறவன் அங்கே உட்கார்ந்துதான் பேச வேண்டும். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே போகக் கூடாது, இருமக் கூடாது, குழம்பில் உப்பில்லை என்று கத்தக் கூடாது. எவனும் எழுதி வைக்காத சட்டம். எவனும் மீறியதில்லை. அந்தச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோ கொசு ரத்தமோ படாமல் பார்த்துக்கொள்வதுதான் வைரவன் தானாக ஏற்றுக்கொண்ட வேலை.

வைரவனை எனக்கு அவன் அம்மா வழியில் தெரியும். நான் பக்கத்து ஊர். என் சின்னம்மா வாக்கப்பட்டது ஆவரையேந்தலில், வைரவனின் தாத்தா சேதுவின் வீட்டுக்கு எதிர்வீட்டில். சேதுவுக்கு மூத்தது பெண், மாரியாயி. அடுத்தது ஆண், பெரியசாமி. மாரியாயி பெற்றது இரண்டு: முதலில் நாகவள்ளி, அப்புறம் வைரவன். பெரியசாமி பெற்றது ஒரு பெண், அப்புறம் மணிமாறன். ஆக மணிமாறன் வைரவனுக்குத் தாய்மாமன் மகன், மச்சான் முறை. ஒரே கொல்லையில் புரண்ட பிள்ளைகள். இன்றைக்கு ஒருவன் தேராவில் ஊருக்குச் சாமான் அனுப்புகிற கார்கோ கடை வைத்து, ஷார்ஜாவில் பெண்டாட்டி பிள்ளையோடு வீடெடுத்து இருக்கிறான். இன்னொருவன் கயிற்றில் தொங்குகிறான்.

தொங்குகிறான் என்றால் தொங்கத்தான் செய்கிறான். மொட்டை மாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் இறக்கிய கூண்டில் நின்றுகொண்டு மாடி மாடியாகத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். வெயில் முதுகில் ஒருதரம் அடிக்கும். கண்ணாடியில் பட்டுத் திரும்பி முகத்தில் இன்னொருதரம் அடிக்கும். அவன் முகத்தில் ஹெல்மெட் வாருக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். சோப்புத் தண்ணீர் விரல் நுனியை அரித்துவிட்டதால் கம்பெனி வாசலில் விரல் வைக்கிற மெஷின் அவனை அடையாளம் கண்டுகொள்வதில்லை. "எனக்கு ரேகையே கலாஸ், தீந்துபோச்சு. நாளைக்குத் திருடப் போனாலும் எந்தப் போலீசும் புடிக்க முடியாது" என்று விரலை விரித்துக் காட்டுவான்.

கண்ணாடிக்கு உள்ளே அவன் பார்ப்பதில்லை. "நம்ம தலை தெரிஞ்சாப் போதும், திரையை இழுத்துருவாய்ங்க. என்னமோ நாம அவிங்க சோத்த எட்டிப் பாக்கப் போன மாதிரி. அதான், எனக்கு எதுக்கு? நான் என் கையப் பாப்பேன், தண்ணியப் பாப்பேன்."

கோபம் அவனுக்குக் கூடப் பிறந்தது. குழாயை மூடாமல் போனவனைத் திட்டுவான். ஆள் அகப்படாவிட்டால் குழாயைத் திட்டுவான். லிஃப்ட்டைத் திட்டுவான். உரித்த வெங்காயம் அழுகியிருந்தால் என்னைத் திட்டாமல் வெங்காயத்தைத் திட்டுவான், அந்த மரியாதை உண்டு. சாப்பிடுவது நின்றபடிதான். உட்கார்ந்தால் மறுபடி எழ மனசு வராது என்பது அவன் கணக்கு. ஒரு சொல்லை மட்டும் அவன் தானாக வாயில் எடுக்க மாட்டான். துபாய். "இந்த ஊரு" என்றுதான் சொல்வான். யாராவது அவனிடம் போய், நீங்க துபாய்ல இருக்கீங்களாக்கும் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "துபாயா? எந்தத் துபாய்? எனக்கு ஒரு கட்டிலு இருக்கு, ஒரு கூண்டு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பஸ்சு இருக்கு. இதுல எது துபாய்?"

இந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. அதைச் சொல்ல ஊர்க்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆவரையேந்தலில் இருப்பது நாலு தெரு. ஆனால் ஊர்க் கணக்கில் ஐந்து. வளைகுடாவில் இருக்கிற ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஐந்தாம் தெரு. கோயில் திருவிழாவில் பொங்கலை ஐந்து பங்காகப் பிரிப்பார்கள். ஐந்தாவது இலைக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். சோறு ஆறும், அப்புறம் காக்கைக்குப் போகும். அதைப் பார்த்து அழாத பெண்பிள்ளை அந்த ஊரில் இல்லை. ஊர்ப் பேச்சு எதுவானாலும் தெருவுக்கு ஒருவர் எழுந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு தெரு மறுத்தால் அந்தப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அரசாங்கச் சட்டத்தில் இதெல்லாம் கிடையாது. கிராம சபையில் எதிரே நிற்கிறவன் கைதான் கணக்கு. ஆனால் ஆவரையேந்தலில் எந்தத் தலைவர் வந்தாலும் ஐந்து தெருவும் சம்மதம் சொல்லாமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. ஐந்தாம் தெருவின் சார்பில் போனில் பேசுகிற உரிமை, இங்கே வந்து அதிக காலம் ஆனவனுக்கு. அந்த முறையில் இப்போது வைரவன்.

முன்பெல்லாம் அந்த ஊரைத் தண்ணியில்லாக் காடு என்றார்கள். வாத்தியாரையோ போலீஸ்காரரையோ தண்டிக்க வேண்டும் என்றால் அங்கே மாற்றுவார்கள். பெண் கேட்டுப் போனால் தண்ணீர்க் குடத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். பிறகு ஆண்கள் வளைகுடாவுக்கு வந்தார்கள். போன் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். அந்த நீலச் சுவரும் அந்தக் கட்டடமும் ஊரில் வீட்டுக்கு வீடு போனில் ஏறின. அவரவர் வீட்டுக்குள்ளேயே கட்டடம் நிற்கிற மாதிரி பெண்கள் பார்த்தார்கள், பக்கத்து ஊருக்குக் காட்டினார்கள். ஒரு பஸ் கண்டக்டர், "குட்டி துபாய் எறங்கு, குட்டி துபாய் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, அந்தப் பெயரைப் பெற்றெடுத்தது இந்த ரூமும் இந்தச் சுவரும்தான். அதைத் துடைத்துத் துடைத்து வளர்த்தவன் வைரவன்.

இப்போது அந்தப் பெயரைச் சட்டமாக்க வேண்டும் என்று கிளம்பினான் மணிமாறன். ஆவரையேந்தல் ஊராட்சி இனி அரசாங்கத்தின் எல்லாப் பதிவிலும் 'குட்டி துபாய்' என்றும் வழங்கப்பட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம். அதை எம்.எல்.ஏ. சட்டமன்றத்துக்குக் கொண்டுபோய், அரசிதழில் வரவைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ரோட்டில் அலங்கார வளைவு வைத்து, திறப்புவிழாவுக்கு மந்திரி வருவாராம். ரோட்டோரத்தில் மணிமாறன் பொட்டலாக வாங்கிப் போட்ட நிலம் இருக்கிறது. அதில் மனை பிரித்துக் கல் நட்டு, 'குட்டி துபாய் நகர்' என்று பலகையும் செய்தாகிவிட்டது.

மணிமாறனைப் பேராசைக்காரன் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கவும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அவன் பேசியதை நான் கேட்டேன். 

"மாப்ள, எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கப் போனப்ப என்ன சொன்னாய்ங்க? 'தண்ணியில்லாக் காட்டுக்காரிக்குக் குளிக்கத் தெரியுமா'ன்னாய்ங்க. நீயும்தான கூட வந்த. அதே வாயி இன்னிக்கு என்ன சொல்லுது? குட்டி துபாய்ங்குது. நம்ம வேர்வைல வாங்குன பேருடா. அதைக் கவர்மெண்டு ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகும்?"

ரூமில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். வைரவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னான்:

"பேரு நமக்குன்னா சரி மச்சான். பேரு எங்கக்கா தலையில இடிக்குதே."

அவன் அக்கா நாகவள்ளியின் கதை இதுதான். அவளைக் கட்டியவர் ஐயப்பன். சவூதியில், ஜுபைலில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில், எண்ணெய்த் தொட்டி கழுவுகிற வேலை. ஒரு கோடையில் தொட்டிக்குள் இறங்கியவரை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு பெட்டியில் ஊருக்கு வந்தார். அவளுடைய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மாலை போட்ட அவர் படம். நீலச் சுவருக்கு முன்னால், நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையில். ஜுபைல் கேம்பிலும் ஒரு போன் சுவர் இருந்திருக்கிறது.

போன மழையில் அந்த வீட்டின் பின்சுவர் சரிந்து விழுந்தது. தார்ப்பாயைக் கட்டிவிட்டு, இலவச வீடு கேட்டு யூனியன் ஆபீசுக்கு நடந்தாள். அவள் மகள் அகிலாவுக்குக் கல்யாண வயசு. ஒருபக்கம் சுவரில்லாத வீட்டில் பெண்ணை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? வைரவன் சம்பளம் அவன் வீட்டு அடுப்புக்கும் மாரியாயியின் மருந்துக்குமே இழுத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே இருந்த அதிகாரி மனுவை வாங்கவே இல்லை. அங்கே நடந்ததை அவள் போனில் சொல்லக் கேட்ட வைரவன், எனக்கு அப்படியே நடித்துக் காட்டினான். அதிகாரி மாதிரி காலை ஆட்டிக்கொண்டு:

"'எந்த ஊரு? ஆவரையேந்தலா? அட, குட்டி துபாய்! தம்பி துபாய்ல, புருசன் சவூதியில. உங்களுக்கெல்லாம் நாங்க வீடு குடுக்கணுமா? நீங்கதாம்மா எங்களுக்குக் குடுக்கணும்.' இப்புடிச் சொல்லிட்டு, சுத்தி இருக்கவன் பூராம் சிரிச்சிருக்கான். எங்கக்கா, புருசன் செத்துட்டாருய்யான்னு சொல்லியிருக்கு. அதுக்கு அவன், 'அதான் பணம் வந்திருக்குமே'ங்கிறான். வந்துச்சுண்ணே. பெட்டி வந்துச்சு."

இதைச் சொன்னபோது அவன் கையில் இருந்த டம்ளர் நசுங்கியது. ஸ்டீல் டம்ளர்.  சும்மா கேலிக்குக் கூப்பிட்ட பெயரை வைத்தே ஒரு விதவையை வாசலோடு திருப்பி அனுப்புகிறான். நாளைக்கு அதே பெயர் அரசாங்கத்து முத்திரையோடு வந்தால் என்ன செய்வான்? தலைக்கு மேலே சட்டமாக மாட்டிவைத்துக்கொண்டு, சிரிக்கக்கூட வேண்டாம், விரலை நீட்டிக் காட்டினால் போதும். அந்த ஊரில் நாகவள்ளி மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள்!

வைரவன் இதை மணிமாறனிடம் கத்தியும் சொன்னான், காலைப் பிடிக்காத குறையாகவும் சொன்னான். மணிமாறன், "ஒரு வீட்டுக்காக ஊரு பேரக் கெடுக்காத. வளைவு தொறந்த அன்னைக்கே மந்திரிகிட்டச் சொல்லி அக்காவுக்கு ஏதாச்சும் பண்ணலாம்" என்றான்.

"எங்கக்காவ வளைவுக்குக் கீழ நிறுத்திப் பிச்சை கேக்கச் சொல்றியா?"

"ஏன்டா இப்புடி எல்லாத்தையும் கோணலாவே பாக்குற?"

"தொங்குறவனுக்கு அப்புடித்தான் தெரியும்."

நவம்பர் முதல் தேதி கிராம சபை. ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஊரில் மழை பிடித்திருந்தது. இங்கே ரூமில் எல்லோரும் காலையிலேயே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டார்கள். மணிமாறன் அத்தர் மணக்க வந்து, சுவரில் இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய படம் ஒன்றை ஒட்டினான். ராத்திரி விளக்கெல்லாம் எரிகிற படம். அதற்கு முன்னாலேயே வைரவன் சுவரைத் துடைத்து வைத்திருந்தான். அந்த நாளிலும் துடைத்தானே என்று நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஊரில் சமுதாயக் கூடத்தில் பஞ்சாயத்து கிளார்க் தன் போனை டிவியோடு இணைத்திருந்தார். டிவியில் தெரிகிற ஐந்தாம் தெருவை ஊரே பார்க்கும். போனில் அவர்களும் எங்களுக்குத் தெரிந்தார்கள்: முன் வரிசையில் தலைவர், பக்கத்தில் யூனியன் ஆபீசிலிருந்து கூட்டத்தைப் பார்க்க வந்த அந்த அதிகாரி, பின்னால் நனைந்த குடைகளோடு பெண்கள். நாகவள்ளி தூணோரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் தீர்மானத்தை வாசித்தார். ஒவ்வொரு தெருவாக ஆள் எழுந்தது. சம்மதம். சம்மதம். சம்மதம். சம்மதம். கைதட்டல்.

"அஞ்சாந்தெரு? வைரவா, சொல்லுப்பு."

நாற்காலியில் வைரவன். தலைக்குப் பின்னால் விளக்கெரிகிற கட்டடம். பக்கத்தில் சிரித்த முகமாக மணிமாறன்.

"சொல்றதுக்கு முந்தி ஒண்ணு காட்டணும் தலைவரே."

"என்னத்தப்பா காட்டப் போற?"

"குட்டி துபாய்னு பேரு வைக்கப் போறீங்கள்ல? பெரிய துபாயப் பாத்துட்டு வைங்க."

போனைத் தாங்கியிலிருந்து பிடுங்கித் திருப்பினான். மணிமாறனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வைரவன் கட்டில்களுக்கு நடுவே போய்விட்டான். புடவைத் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினான். சத்தம் பெரிதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"இது என் கட்டிலு. மேல ஒருத்தன், கீழ நான். எந்திரிச்சு உக்காந்தா தலை இடிக்கும். இது பூமிநாதன் கட்டிலு. பகல் டூட்டிக்கு இவன் போனா, ராத்திரி டூட்டி முடிச்சவன் வந்து இதுலயே படுப்பான். இந்த மெத்தை ஆறுனதே இல்ல, தொட்டுப் பாத்தாச் சுடும். இது தண்ணிக் கேனு. இது எங்க எல்லாருக்கும் ஒரே கக்கூசு, பாத்துக்கங்க, வாசல்ல வரிசை. இந்தா, சட்டையில்லாம ஒருத்தன் தூங்குறானே, தெரியுதா? மேலத்தெரு கோட்டைச்சாமி மகன். எழுப்ப மாட்டேன், இப்பத்தான் வந்து படுத்தான்."

"அண்ணே! அண்ணே, வேணாம்ணே!" என்று பூமிநாதன் திரையை இழுத்தான். அவனுக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. திரை வைரவன் கையோடு கிழிந்து வந்தது.

கடைசியாகப் போன் சுவருக்கு எதிரே வந்து நின்று அதையும் காட்டினான். படம், நாற்காலி, நடுவில் மணிமாறன். "இம்புட்டுத்தான் நீங்க இத்தனை வருசமாப் பாத்த துபாய். ஒரு செவரு. தெனம் நாந்தான் தொடைக்கிறேன். இதுக்குச் சட்டம் போட்டு, வீடில்லாதவளுக்கு வீடு இல்லைன்னு சொல்லப் போறாய்ங்க. அஞ்சாந்தெரு மறுக்குது. கலாஸ்."

 அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், தூங்குகிற மகன் இருந்த இடத்தைத் தேடுகிறமாதிரி திரையைத் தடவிப் பார்த்தார். தூணோரத்திலிருந்து நாகவள்ளி எழுந்தாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள். கிளார்க் கையிலிருந்த மைக்கை வாங்கி அதிகாரியைப் பார்த்து, "சார், பாத்துக்கிட்டீகளா? மனுவ இப்பக் குடுக்கவா?" என்றாள். அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பிறகு அவள் போனைப் பார்த்துத் திரும்பினாள். முகம் கிட்டத்தில் வந்தது.

"ஏன்டா வைரவா, ஒங்கத்தானும் இப்புடித்தான் படுத்துக் கெடந்தாகளா?"

 போன் அணைந்தது. வைரவன் அணைத்தானா, அங்கே மழையில் லைன் போனதா என்று எனக்குத் தெரியாது.

பிறகு ரூமில் நடந்தது சண்டை. "மானத்த வாங்கிட்டியேடா" என்று மணிமாறன் சட்டையைப் பிடித்தான். "யாரு மானத்த மச்சான்? கட்டிலு மானத்தயா?" என்று வைரவன் அவன் கையைத் தட்டிவிட்டான். மணிமாறன் படத்தைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். மறுபடி கொண்டுவருவான். வைரவன் சொல்கிறான், "கொண்டாரட்டும். செவருக்கு இந்தப் பக்கம் இன்னும் நெறைய இருக்கு காட்டுறதுக்கு."

ஆனால் மணிமாறனைவிட அவனை அதிகம் ஏசியது ரூமில் இருந்தவர்கள்தான். பூமிநாதன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "தனி ரூமு, ஏசி, குளிக்கச் சுடுதண்ணின்னு சொல்லித்தாண்ணே கட்டியிருக்கேன். இப்ப அவ கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்?" வைரவன் அவனிடம் மட்டும் கோபப்படவில்லை. "இருக்க மூஞ்சிய வச்சுப் பேசு" என்றான். அன்றைக்கு நான் வைத்த மீன் குழம்பை யாரும் தொடவில்லை. ஆளாளுக்குப் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக அடித்தன. அடித்து அடித்து நின்றன.

சாயங்காலம் வைரவனின் போன் அடித்தது. நாகவள்ளி. அவன் படுத்திருந்தவன் எழுந்தான். கொடியில் கிடந்த இஸ்திரிச் சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தான். மற்றக் கை தானாகவே ஈரத் துணியை எடுத்துவிட்டது. படம் போன இடத்தில் பசைத் தடம் பரவிக் கிடந்த அந்தச் சுவர்வரைக்கும் போனான். நாற்காலியின் முதுகைப் பிடித்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

துணியை நாற்காலியில் போட்டான். நுழைத்த கையைச் சட்டையிலிருந்து உருவினான். திரும்பி வந்து, மேல்கட்டில் தலையில் இடிக்காமல் குனிந்து, தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தான்.